மூலம் எது?

பேருந்து நிலையத்துச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் திரைப்படச் சுவரொட்டி, மறுபக்கம் நமது பொதுக்கூட்டச் சுவரொட்டி, இரண்டுக்கும் இடையே கையகலத் தாளில் ஒரு விளம்பரம்: "மூலம், பவுத்திரம் அறுவை இல்லாமல் குணமாக்கப்படும்!" நடிகர் படத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள், நமது கூட்ட அறிவிப்பை நின்று படிப்பார்கள், அந்தக் கையகலத் தாளை மட்டும் எவரும் நின்று படிப்பதில்லை. அக்கம்பக்கம் பார்த்து, ஆளில்லாத நேரம் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, பேருந்து எப்போது வரும் என்று கேட்க வந்தவர்போல நழுவிவிடுவார்கள்.

அப்படி நழுவியவர்களில் ஒருவர், என் தந்தை!

அவர் யாரென்று சொல்லவேண்டும். சொன்னால்தான் நான் சொல்ல வந்தது விளங்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேருந்து நடத்துனர். கிளைக் கழகத்தின் பொருளாளர். அய்யர் இல்லை, மந்திரம் இல்லை, நல்ல நேரம் இல்லை என்று சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். உறவினர் ஒதுங்கினர், ஊரார் சிரித்தனர், அவர் கூசவில்லை! கோயில் வாசலில் கூட்டம் போட்டுப் பேசியபோது கல் விழுந்தது, அவர் கூசவில்லை! அப்படிப்பட்டவர், 65 வயதில், தமது மலத்தில் இரத்தம் கண்டார். கண்டவர், மனைவியிடம் சொல்லக் கூசினார். மகனிடம் சொல்லக் கூசினார். மருத்துவரிடம் சொல்லக் கூசினார். ஒரு நாள் அல்ல, ஒரு வாரம் அல்ல, பதினான்கு மாதங்கள்!

அந்தப் பதினான்கு மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு புதுமை நடந்தது. நாற்பதாண்டு இல்லறத்தில் தம் வேட்டியைத் தாமே துவைத்தறியாத மனிதர், விடியுமுன் எழுந்து, கிணற்றடியில் தாமே துவைக்கத் தொடங்கினார். அம்மாவுக்கு வியப்பு! "மேடையில பேசுனது இப்பத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கு" என்று கேலி பேசினார். நானும் மகிழ்ந்தேன். ஆணும் பெண்ணும் சமம் என்ற கொள்கை அடுப்படியிலும் கிணற்றடியிலும் செயலாக வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் முழங்கியபோது, பெயர் சொல்லாமல் அவரையே எடுத்துக்காட்டாகக் காட்டினேன். கைதட்டினார்கள்.

அவர் துவைத்தது இரத்தக் கறையை!

கறையை அவர் மறைத்தார். கண்ணிருந்தும் நான் காணவில்லை. ஆயிரம் பேருக்குப் பகுத்தறிவு சொன்ன என் வாய், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரிடம் "உடம்பு எப்படி இருக்கிறது, ஏன் இளைத்துப் போனீர்கள்?" என்று கேட்கவில்லை. இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால், கூச்சம் என்பதே இந்தக் கதையின் பகைவன் ஆகையால், எழுதித்தான் தீரவேண்டும்.

சுவரில் கண்ட எண்ணுக்கு அவர் போனார். அங்கிருந்தவர் தொட்டுப் பார்க்கவில்லை, சோதித்துப் பார்க்கவில்லை, "மூலம்" என்றார், களிம்பும் பொடியும் கொடுத்தார், பணம் வாங்கிக்கொண்டார். மந்திரித்த கயிற்றைக் கட்டிக்கொள்ளாத பகுத்தறிவாளர், முகம் தெரியாத ஒருவரின் களிம்பை ஓராண்டுக்கு மேல் நம்பினார்! கயிற்றை நம்புவது மூடநம்பிக்கை என்றால், சோதனையில்லாத மருந்தை நம்புவது எந்த நம்பிக்கை?

ஒரு நள்ளிரவில் வயிறு பறைபோல் உப்பியது. வாந்தி நிற்கவில்லை. காற்றும் பிரியவில்லை. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடலை அடைத்துக்கொண்டு கட்டி நின்றது. அன்றைக்கே அறுவை செய்தார்கள். கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்து, குடலின் நுனியை வயிற்றுச் சுவரில் துளையிட்டு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். பத்து நாள் கழித்துச் சோதனை முடிவு வந்தது. பெருங்குடல் புற்று; மூன்றாம் கட்டம்; பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டது; ஈரலுக்குப் போகவில்லை.

"எத்தனை நாளா ரத்தம் போச்சு?" என்று அந்த இளம் மருத்துவர் கேட்டார். தந்தை கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மருத்துவர் கோபிக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, "முக்கால்வாசிப் பேர் மூலம்னு நெனச்சுத்தான் இருந்துடறாங்க" என்றார்.

தோழர்களே! மூலம் என்றார்களே, எது மூலம்? இந்தத் துன்பத்துக்கெல்லாம் மூலம் எது?

பிறப்பால் தாழ்வு சொன்ன சமூகம் இது. மலத்தை அள்ளுபவனைத் தீண்டத்தகாதவன் என்றது. அவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மனிதக் கழிவை மனிதன் அள்ளக்கூடாது என்று 2013ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்த பிறகும் சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்கிச் சாகிறான். மலத்தைத் தொட்டவன் தாழ்ந்தவன் என்று சொல்லிக் கொடுத்த அதே பாடம், மலத்தைப் பற்றிப் பேசுவதும் தாழ்வு என்று நமக்குள்ளே ஊறிவிட்டது. நாம் பூணூலை எதிர்த்தோம். ஆனால் இந்தத் தீட்டு மட்டும் நம் வயிற்றுக்குள்ளே ஒளிந்துகொண்டது! அதுதான் மூலம்.

இனி, விஞ்ஞானம் சொல்வதைக் கேளுங்கள்.

பெருங்குடலின் உட்சுவரில் சிறு சதைமொட்டுகள் முளைப்பதுண்டு. மருத்துவர்கள் பாலிப் என்பார்கள். எல்லா மொட்டும் புற்றாவதில்லை. ஆனால், பெரும்பாலான குடற்புற்று இத்தகைய மொட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மொட்டு புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவுக்குப் பிடிக்கும். பத்து ஆண்டுகள்! பகைவன் பத்தாண்டு அவகாசம் தருகிறான், தோழர்களே! அந்த மொட்டு வலிக்காது. ஆனால் அவ்வப்போது சிறிது கசியும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம், மலத்தோடு கலந்து போகும். அந்தக் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சிறு குச்சியால் மலத்தைத் தொட்டு, ஒரு சிறு குழாயில் போட்டு அனுப்பினால் போதும். ஊசி இல்லை, கத்தி இல்லை, படுக்கை இல்லை. மறைந்திருக்கும் மனித இரத்தத்தை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால், புற்று என்று பொருளல்ல. உள்ளே பார்க்கவேண்டும் என்று பொருள். அதற்குத்தான் கொலோனோஸ்கோபி. முந்தைய நாள் பேதி மருந்து குடித்துக் குடலைத் துப்புரவாக்கிக்கொள்ளவேண்டும். மறுநாள் மயக்கமருந்து கொடுத்து, நுனியில் ஒளியும் காமிராவும் உள்ள மெல்லிய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பார்ப்பார்கள். மொட்டு இருந்தால், அந்தக் குழாய் வழியாகவே ஒரு கம்பிச் சுருக்கை அனுப்பிக் கிள்ளி எடுத்துவிடுவார்கள். புற்று வருமுன்னரே புற்றை வெட்டும் வித்தை! எத்தனை நோய்க்கு இந்த வாய்ப்பு உண்டு?

ஆதாரம் கேட்பீர்கள், கேட்கவேண்டும், கேட்பதுதானே நம் பயிற்சி! அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆண்டுதோறும் மலத்தில் மறைந்த இரத்தத்தைச் சோதித்துக்கொண்டவர்களிடம், குடற்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஜப்பான் 1992 முதல் நாற்பது வயது கடந்தவர்களுக்கு இந்தச் சோதனையை நடத்துகிறது. இங்கிலாந்து 2006ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே சோதனைக் குழாய் அஞ்சலில் வீடு தேடி வருகிறது. எடுத்து, மூடி, அஞ்சற்பெட்டியில் போட்டுவிடலாம். அமெரிக்க மருத்துவ வல்லுநர் குழு 2021ஆம் ஆண்டில், தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்துப் பரிந்துரைத்தது. இளவயதினரையும் இந்நோய் பிடிக்கத் தொடங்கியதே காரணம்.

முன்னே காண்பதற்கும் பின்னே காண்பதற்கும் என்ன வேறுபாடு? அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள். புற்று குடலோடு நிற்கும்போதே கண்டுவிட்டால், ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்போர் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர். ஈரல், நுரையீரல் என்று தொலைவுக்குப் பரவிய பிறகு கண்டால், ஏறத்தாழ 15 பேர்! நோய் ஒன்றுதான், மருத்துவமும் ஒன்றுதான், நாள்தான் வேறு. நாளும் கோளும் நம்மை என்ன செய்யும் என்று கேட்டவர்கள் நாம். இந்த ஒரு நோயில் மட்டும் நாள் நம்மைச் செய்யும்!

உலகத்தில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 9 இலட்சம் பேர் மாண்டார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 60,000-க்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளாகிறார்கள். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் நம்மிடம் விகிதம் குறைவு, உண்மை. ஆனால் காலங்கடந்து வருவோர் தொகை நம்மிடம் மிகுதி.

வீட்டுக்குத் திரும்புவோம். மருத்துவமனையிலிருந்து வந்தபின்தான் உண்மையான போராட்டம் தொடங்கியது. அந்தப் பையை மாற்றவேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யவேண்டும். துளையைச் சுற்றியுள்ள தோலை வெந்நீரால் துடைத்து, ஈரம் போக ஒற்றி, அளவாக வெட்டிய ஒட்டுவட்டைப் பொருத்தவேண்டும். அளவு தவறினால் தோல் வெந்துபோகும். செவிலியர் இருமுறை செய்து காட்டினார். மூன்றாம் முறை நான் செய்யவேண்டும். என் கை தயங்கியது. அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுக்கு நான் செத்திருக்கலாம்டா" என்றார்.

என்ன சொல்வது? மேடையில் வரும் சொல் அறையில் வரவில்லை. அவர் தலைக்கு மேல் மாட்டியிருந்த படத்தைக் காட்டினேன். "அப்பா, கடைசிக் காலத்தில் பெரியார் எப்படிக் கூட்டத்துக்கு வந்தார்?" என்று கேட்டேன்.

அவர் விடை சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, அவர் எனக்குச் சிறுவயதில் சொன்ன கதைதான். தொண்ணூற்று நான்கு வயதுக் கிழவர். சிறுநீர் போக உடம்பில் குழாய். குழாயின் நுனியில் ஒரு கலம். அந்தக் கலத்தோடு ஊர் ஊராகப் பயணம். வலியெடுத்தால் மேடையிலேயே முனகல். முனகல் அடங்கியதும் மீண்டும் பேச்சு! 1973 டிசம்பர் 19ஆம் நாள் சென்னைத் தியாகராயர் நகரில் பேசினார். 24ஆம் நாள் மறைந்தார். அந்தக் கலத்தைக் கண்டு எந்தத் தொண்டன் முகம் சுளித்தான்? அந்தக் குழாயால் அவர் பெருமையில் எந்தக் கடுகளவு குறைந்தது?

சற்று நேரம் கழித்து, சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது: "முப்பது வருசம் தோள்ல பை மாட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப வயித்துல. சரி, மாத்து."

அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்தோம். பதினான்கு மாதம் பூட்டிய கதவு அந்தச் சிரிப்பில் திறந்தது.

பிறகு மருந்தேற்றம் ஆறு மாதம். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தின் குணம், குளிர்ச்சி பட்டால் விரலெல்லாம் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டி இழுக்கும். தண்ணீர்ப் பானையைத் தொட முடியாது. காலையில் இரும்புக் கதவைத் திறக்க முடியாது. பெற்றவரைத் தாங்குவது என்றால் என்ன என்று அந்த ஆறு மாதத்தில் படித்தேன். குடிக்கும் நீரை வெதுவெதுப்பாக்கி வைப்பது. கைக்கு உறை வாங்கித் தருவது. காய்ச்சல் 100 பாகையைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போவது. மருந்துச் சீட்டுகளை ஒரே கோப்பில் வைப்பது. "யார் செய்த பாவமோ" என்று உருக வரும் உறவினரை வாசலோடு அனுப்பிவைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பது. "வலிக்குதா? சாப்பிட்டீங்களா? பையில என்ன வந்துச்சு?" என்று, நாளும், நாணாமல் கேட்பது! வீட்டில் எல்லா வேலையையும் அம்மாவின் தலையில் வைத்துவிட்டு மகன் கூட்டத்துக்குப் போவது தாங்குதல் ஆகாது. ஆண்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மருத்துவர் இன்னொன்று சொன்னார்: "அப்பாவுக்கு வந்திருக்கு, பிள்ளைங்க எல்லாரும் பார்த்துக்கணும்." பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குடற்புற்று வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவர்களுக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பாக, இரண்டில் எது முந்தியதோ அப்போதே, கொலோனோஸ்கோபி செய்துகொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு முப்பத்தேழு, மூன்றாண்டு இருக்கிறது, நாளைக் குறித்துவைத்திருக்கிறேன். அக்காவுக்கு நாற்பத்தொன்று. தையற்கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் கடையை மூடிவிட்டுப் போனார். உள்ளே ஒரு மொட்டு; பச்சைப்பயறு அளவு. கிள்ளி எடுத்துவிட்டார்கள். சோதித்ததில் புற்றில்லை. மறுநாள் கடை திறந்துவிட்டது. தந்தைக்கு வந்த துன்பம் மகளைக் காத்தது. இதைக் கேட்டபோதுதான், நோயுற்ற நாள் முதல் முதன்முறையாக, அப்பா அழுதார்.

தோழர்களே! புற்றுநோய் நமது இயக்கத்துக்குப் புதிதல்ல. அண்ணனை உணவுக்குழாய்ப் புற்றுக்குப் பறிகொடுத்தவர்கள் நாம். 1968ஆம் ஆண்டு நியூயார்க் வரை போய் அறுவை செய்து திரும்பினார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் நாட்டைக் கண்ணீரில் ஆழ்த்திச் சென்றார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை மலக்குடல் புற்றுக்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை அழுது தீர்க்கவில்லை. 1954ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுப்பினார். துயரத்தை நிறுவனமாக்கியவர் அவர். நாம் அதைக் கோரிக்கையாகவாவது ஆக்கவேண்டாமா?

2016ஆம் ஆண்டு ஒன்றிய அரசு வகுத்த புற்றுநோய் முன்னறிதல் நெறிமுறையில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று இடம்பெற்றன, குடல் இடம்பெறவில்லை. 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மருத்துவம் மக்களைத் தேடி வீட்டுக்கே போயிற்று. இரத்த அழுத்தம் பார்த்தது, சர்க்கரை பார்த்தது. அந்தப் பையில் ஒரு சிறு குழாயும் ஒரு சிறு குச்சியும் சேரட்டும் என்று கேட்போம்! எல்லார்க்கும் இன்றே என்று கேட்கவில்லை. குடும்பத்தில் நோய் கண்டவர்க்கு முதலில், ஐம்பது கடந்தவர்க்கு அடுத்து என்று படிப்படியாகத் தொடங்கட்டும். குழாயை மட்டும் கொடுத்துவிட்டு, இரத்தம் கண்டவரை உள்ளே பார்க்க ஆளில்லாமல் அலையவிடுவது கொடுமை. ஆகவே, மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் கொலோனோஸ்கோபிக் கருவியும் பயின்ற மருத்துவரும் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்போம்.

அரசு செய்யும் வரை நாம் செய்யவேண்டியதும் உண்டு. மலத்தில் இரத்தம், வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீளும் மலச்சிக்கல் அல்லது பேதி, காரணமில்லாத இளைப்பு, காரணமில்லாத சோகை, தீராத வயிற்றுவலி. இவற்றில் ஒன்று கண்டாலும் சுவரைப் பார்க்காதீர்கள்; மருத்துவரைப் பாருங்கள். மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதையும் மருத்துவரே சொல்லட்டும்! புகையும் மதுவும் இந்நோய்க்கும் வழிவிடுகின்றன. கூலியைக் கொடுத்து நோயை வாங்காதீர்கள். கிளைக்கழகக் கூட்டத்தில், தீர்மானங்கள் முடிந்து தேநீர் வருமுன், பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். நா கூசினால் இந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், தந்தையிடமும் தாயிடமும் கேளுங்கள்.

என் தந்தைக்கு மருந்தேற்றம் முடிந்து ஓராண்டாகிறது. மூன்று மாதத்துக்கொரு முறை சோதனை, இதுவரை நலம். பை இன்னும் இருக்கிறது, சட்டைக்குள்ளே இருக்கிறது, அதனோடு மாலையில் தேநீர்க் கடைக்குப் போகிறார். பழைய ஓட்டுநர்களும் நடத்துனர்களும் கூடும் இடம் அது. அங்கே உட்கார்ந்து, பயணச்சீட்டு கேட்ட அதே குரலில், "வெளிக்குப் போறப்ப ரத்தம் யாருக்காவது போகுதா?" என்று கேட்கிறார்! முதல் நாள் எல்லோரும் சிரித்தார்களாம். மறுநாள் ஒருவர் தனியே வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். அப்பாவே அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

மூலம்தான்.

வரும் வழியெல்லாம் அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் கேட்கவேண்டும், தோழர்களே!